கையடக்க விளையாட்டுக் கருவி பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டுமா?

விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கையடக்கக் கருவிகளின் காலம் முடிந்துவிட்டது என்று பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அடித்துச் சொன்னவர்கள் இப்போது வாய்திறப்பதில்லை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட சுவிட்ச், உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதன் வாரிசான சுவிட்ச் 2, 2025 ஜூன் 5ஆம் திகதி கடைக்கு வந்தது. நான்கே நாட்களில் 35 இலட்சம் விற்றது. செப்டெம்பர் முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டியது. கணினி விளையாட்டுகளைக் கையில் வைத்து விளையாட வால்வ் நிறுவனம் 2022இல் ஸ்டீம் டெக்கைக் கொண்டுவர, பின்னாலேயே ஏசுஸ், லெனோவோ எல்லாம் களத்தில் இறங்கின. 2025 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் பெயரையே ஏசுஸின் கருவிக்குக் கொடுத்தது. இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ஸ்மார்ட் போனுக்கு அடுத்ததாக இலங்கைச் சந்தையைப் பிடிக்கப்போவது இதுதான் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கு வேறு. இந்த மறுமலர்ச்சி உண்மைதான். ஆனால் அது நாலாபுறமும் வேலியடைத்த ஒரு வளவுக்குள் நடக்கிறது. வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியில் வாகரைக்குப் போகிற வழியில், களப்பின் மேல் பாலம் போட்டிருக்கும் பனிச்சங்கேணி வரைக்கும் அது வராது. அங்குள்ளவர்களிடம் காசில்லை என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல.

பனிச்சங்கேணியை எடுத்துக்கொள்வதற்கு ஒரு நியாயம் உண்டு. கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் சுவிட்ச் கிடைக்கும், ஸ்டீம் டெக்கும் கிடைக்கும். நாலு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்காக அதற்கு நாட்டில் சந்தை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. களப்பிலும் கடலிலும் மீன்பிடித்து, வயல் செய்து, வீட்டுக்கு ஒருவரை மத்திய கிழக்குக்கு அனுப்பி வாழ்கிற ஓர் ஊருக்குள் அது போய், அங்கே பழுதாகி, திருத்தப்பட்டு, கைமாறினால்தான் சந்தை என்ற சொல்லுக்கு அர்த்தம். போன் அப்படித்தான் போனது.

முதலில் விலையைப் பார்த்துவிடுவோம். சுவிட்ச் 2 வெளியானபோது அதன் அமெரிக்க விலை 449.99 டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா என்று வைத்தால் ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம் ரூபா. சுங்கத்தில் விழுவதும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கிற வற் வரியும், கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேல். இந்த நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. ஆக, வரியைச் சேர்க்காமலே நாலரை மாதச் சம்பளம். கருவியோடு செலவு முடிவதுமில்லை. அதற்கான மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற ஒரேயொரு விளையாட்டின் விலை 79.99 டொலர்; அதாவது இருபத்துநாலாயிரம் ரூபா, குறைந்தபட்சச் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு. எக்ஸ்பொக்ஸ் பெயர் தாங்கிய ஏசுஸ் கருவியின் உயர்ரகம் வெளியானபோது 999.99 டொலர். மூன்று இலட்சம் ரூபாவைக் கொடுத்துக் கையில் வைத்து விளையாட யார் வாங்குவார் என்று கேட்பதே வீண்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். இதே ஊர்களில் ஒரு இலட்சம் ரூபாப் போன் வைத்திருக்கும் இளைஞர்கள் இல்லையா, தவணைக்கு வாங்குகிறார்களே, அப்படியானால் விலை எப்படித் தடையாகும் என்பார்கள். நியாயமான கேள்வி. விலையை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களிடம் இதற்குப் பதில் இராது. பதில், போன் எந்தப் பெயரில் வீட்டுக்குள் நுழைகிறது என்பதில் இருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தாயின் முகத்தைப் பார்க்கப் போன் வேண்டும். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, சிக்னல் தேடி மரத்திலும் குன்றிலும் ஏறிய பிள்ளைகளுக்காகக் கடன்பட்டுப் போன் வாங்கிய வீடுகள் நாடு முழுவதும் இருந்தன. மீன் விலை கேட்க, வேலை தேட, காசு அனுப்ப, எல்லாவற்றுக்கும் அதுதான். விளையாட்டு அதே போனுக்குள் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஃபிரீ ஃபயருக்கென்று யாரும் காசு ஒதுக்கிப் போன் வாங்கவில்லை. வாங்கிய போனில் அது சும்மா இறங்கியது. தனி விளையாட்டுக் கருவிக்கு இந்த மறைப்புக் கிடையாது. விளையாட மட்டும் இவ்வளவு காசா என்ற கேள்விக்கு அது நேருக்கு நேர் முகம்கொடுக்க வேண்டும். ரியூஷன் காசுக்கே அடகுக் கடைக்குப் போகிற வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும்.

உலக விற்பனைக் கணக்கையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 15 கோடி சுவிட்ச் என்பதைக் கையடக்கக் கருவியின் வெற்றியாகச் சொல்வது பாதி உண்மை. சுவிட்ச் தொலைக்காட்சியோடு பொருத்தி விளையாடும் கருவியும்கூட. வீட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று இரண்டு தனி வரிசைகளாக விற்றுவந்த நின்டெண்டோ, இரண்டையும் ஒன்றாக்கியதுதான் அதன் சூட்சுமம். கையில் மட்டுமே வைத்து விளையாடக்கூடிய மலிவு ரகமான சுவிட்ச் லைட் 2019இல் வந்தது. மொத்த விற்பனையில் அதன் பங்கு சுமார் ஆறில் ஒன்றுதான். அதற்கு முந்திய வரலாற்றைப் பார்த்தால், 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றது. 2011இல் வந்த அதன் வாரிசு 3டிஎஸ் அதில் பாதியளவோடு நின்றது. வெளியான சில மாதங்களிலேயே 249.99 டொலரிலிருந்து 169.99 டொலருக்கு விலையைக் குறைக்கவேண்டி வந்தது. சோனியின் பிஎஸ்பி ஏறத்தாழ எட்டுக் கோடி விற்க, அடுத்து வந்த வீட்டா 2019இல் சந்தையை விட்டே போனது. இடையில் என்ன நடந்தது என்றால் 2008 ஜூலையில் அப்பிளின் அப் ஸ்டோர் திறந்தது. வசதியுள்ள நாடுகளிலேயே போன் வந்த பிறகு தனிக் கருவி தொலைக்காட்சியின் தோளில் கைபோட்டுத்தான் எழுந்து நின்றது. சுவிட்ச் விற்பனையின் மிகப் பெரும்பங்கும் ஜப்பான், அமெரிக்காக்கள், ஐரோப்பா என்ற மூன்று இடங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

அந்த மூன்று இடங்களிலும் இருந்து இங்கே இல்லாத ஒன்று உண்டு, அதைச் சந்தை ஆய்வுகள் பெரிதாகப் பேசுவதில்லை. அங்கே இன்று சுவிட்ச் வாங்குகிற நாற்பது வயதுக்காரர் சிறுவயதில் நின்டெண்டோவின் கேம் போய் வைத்திருந்தவர். தன் பிள்ளைக்கு வாங்கிக்கொடுக்கும்போது தனக்கும் சேர்த்தே வாங்குகிறார். 1989இல் வந்த கேம் போய், அதன் வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்றது. நாலு சிறிய பென்டோர்ச் பற்றரி போட்டால் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். ஆறு பற்றரியைத் தின்றுவிட்டு நாலைந்து மணித்தியாலத்தில் அணைந்துபோன சேகாவின் கேம் கியரை அது வென்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நாலு பற்றரியை நம் பக்கம் வைத்துப் பாருங்கள். 1990களில் யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் வன்னிக்கும் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரி இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. வாகரைப் பிரதேசத்துக்கோ போர், 2004 சுனாமி, மறுபடி இடப்பெயர்வு என்று அடுக்கடுக்காக வந்தன. 2007 ஜனவரியில்தான் அங்கே சண்டை ஓய்ந்தது. இங்கே இன்று பிள்ளை வளர்க்கிற தலைமுறைக்கு விளையாட்டுக் கருவி பற்றிய பால்ய ஞாபகம் ஏதாவது இருந்தால், அது நொக்கியா போனில் வளைந்து வளைந்து ஓடிய பாம்பு. ஏக்கத்தை விற்றுப் பிழைக்கிற ஒரு தொழில், ஏங்குவதற்கு எதுவும் கிடைக்காத தலைமுறையிடம் எதை விற்கும்?

சரி, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற உறவினர் வாங்கிக்கொடுத்தால் விலைப் பிரச்சினை தீர்ந்ததல்லவா என்றும் கேட்கலாம். கருவி கட்டுநாயக்கவில் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. இந்தக் கருவிகள் தனிப் பொருட்களல்ல; கணக்கு, இணையக் கடை, கட்டண அட்டை, திருத்துமிடம் என்ற ஒரு நீண்ட சங்கிலியின் நுனிகள். நின்டெண்டோவின் இணையக் கடைக்கு இலங்கை என்றொரு நாடு இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பிலும் இல்லை. வேறு நாட்டு முகவரி கொடுத்துக் கணக்குத் திறந்து, அந்த நாட்டுப் பரிசு அட்டையைக் கூடுதல் விலைக்கு வாங்கிப் போட்டுத்தான் இங்குள்ளவர்கள் விளையாடுகிறார்கள். கணினி தெரிந்த கொழும்புப் பையனுக்கு இது ஒரு சின்னத் தந்திரம்; களப்போரத்து வீட்டுப் பிள்ளைக்கு அதோடு கதை முடிந்தது. சுவிட்சின் மெனுவில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. கட்டைவிரலால் அசைக்கிற அந்தச் சின்னக் குச்சி தானாக ஒருபக்கம் இழுக்கத் தொடங்குவது சுவிட்சின் உலகறிந்த நோய்; அமெரிக்காவில் அதற்காக வழக்குகளே போட்டார்கள். உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் வரலாம். போன் திரை உடைந்தால் வாழைச்சேனையிலோ ஓட்டமாவடியிலோ அன்றைக்கே மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். அந்தக் குச்சிக்கு உதிரிப்பாகம் எங்கே தேடுவது?

நாட்டுக்கு நாடு விலையை மாற்ற முடியாது, உலகம் முழுவதும் ஒரே விலைதான் என்ற வாதத்தை நின்டெண்டோவே உடைத்திருக்கிறது. ஜப்பானில் சுவிட்ச் 2ஐ இரண்டு விதமாக விற்கிறார்கள். வெளியானபோது, ஜப்பானிய மொழியில் மட்டும், ஜப்பானியக் கணக்கோடு மட்டும் இயங்குவது 49,980 யென். எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். யென்னின் மதிப்பு வீழ்ந்த நேரத்தில் சொந்த நாட்டு வாடிக்கையாளர் கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வேண்டும் என்று நினைத்தால் செய்யலாம் என்பதற்குச் சான்று. தெற்காசியாவுக்கு அப்படி நினைக்க எந்தத் தேவையும் அவர்களுக்கு இல்லை. வியாபாரத்தில் இதைக் குற்றமாகவும் சொல்ல முடியாது.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பது பழைய அனுபவத்தில் பிறந்த நம்பிக்கை. முன்பெல்லாம் வெளியான இரண்டு மூன்று வருடத்தில் இந்தக் கருவிகள் மலிந்துவிடும். இப்போது தலைகீழ். எட்டு வருடப் பழசான முதல் சுவிட்சின் அமெரிக்க விலையை 2025 ஓகஸ்டில் 299.99 டொலரிலிருந்து 339.99 டொலருக்கு ஏற்றினார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் அவற்றின் விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. நம் ரூபாவின் கதை நாம் அறிந்ததே: 2022 தொடக்கத்தில் டொலருக்கு இருநூறு, மே மாதத்தில் முந்நூற்று அறுபது. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பவர் நெடுநாள் காத்திருக்க நேரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இங்கே ஓரளவு விற்கிற கையடக்கக் கருவி ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. சீனாவிலிருந்து வரும் ‘400 விளையாட்டுகள் ஒன்றில்’ என்ற சின்னப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத திரை, இடப்பக்கம் கூட்டல்குறி பொத்தான், தொலைக்காட்சியில் கொளுவ ஒரு மஞ்சள் வயர். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது பழைய நொக்கியா போனுக்குப் போடுகிற அதே பிஎல்-5சி வகைப் பற்றரி. அது எந்தப் போன் கடையிலும் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாவுக்குள் முடிகிற விடயம். 1990களில் செங்கல் கட்டுகிற டெட்ரிஸ் விளையாட்டோடு வந்த சாம்பல்நிறக் கருவியின் நேரடி வாரிசு இது. இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், ரீலோட் வேண்டாம். நின்டெண்டோவில் கேம் போயை உருவாக்கிய குன்பெய் யோக்கொய், மலிந்துபோன பழைய தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதே தன் வழி என்று சொல்லி வந்தவர். கணிப்பான்களால் மலிந்த திரவப்படிகத் திரையைக் கொண்டு 1980இல் கேம் அண்ட் வொச் செய்தவரும் அவரே. அவருடைய வழியை இன்று பிடித்திருப்பது பெயர் ஊர் தெரியாத சீனப் பட்டறைகள். ஆனால் அதில் இருக்கிற நானூறில் பெரும்பாலானவை உரிமையாளருக்கு ஒரு சதமும் கொடுக்காமல் எடுத்துப் போட்டவை; ஒரே விளையாட்டே நாலு பெயரில் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. ஒருதடவை விற்றால் அதோடு சரி. அடுத்த விளையாட்டை விற்க வழியில்லை. பொம்மைக் கடைக்கு அது நல்ல சரக்கு. அதை நம்பி யாரும் ஒரு தொழிலைக் கட்ட முடியாது.

போனைவிடத் தனிக் கருவியே பிள்ளைக்கு நல்லது என்று பெற்றோர் பக்கத்திலிருந்து வருகிற மறுப்புத்தான் இவற்றில் வலுவானது. அதற்கு நான் பாதி உடன்படுகிறேன். போனில் விளையாடுகிற பிள்ளை விளையாட்டோடு நிற்பதில்லை. முன்பின் தெரியாதவரோடு பேசுகிறது, யூரியூப்புக்குத் தாவுகிறது, ஃபிரீ ஃபயரில் டயமண்ட் வாங்கத் தாயின் கணக்கில் கைவைக்கிறது. இலவசம் என்று இறங்கிய விளையாட்டு, ஐம்பதும் நூறுமாக ஒரு வருடத்தில் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இந்தியா பப்ஜியை 2020 செப்டெம்பரிலும் ஃபிரீ ஃபயரை 2022 பெப்ரவரியிலும் தடைசெய்தது. காரணம் பிள்ளைகளின் நலனல்ல, தரவுப் பாதுகாப்பு. விளையாட்டு மட்டும் உள்ள, இணையம் இல்லாத ஒரு கருவி பிள்ளைக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லது என்பதற்காக ஒரு பொருள் விற்றுவிடாது. போன் கையை விட்டுப் போகாத வரைக்கும், பிள்ளைக்குத் தனிக் கருவி வாங்கிக்கொடுத்தால் அது இரண்டாவது திரை, போனுக்கு மாற்றாகாது. போனைப் பறித்துவைக்கிற பெற்றோர் படி என்று புத்தகத்தைக் கொடுக்கிறார்களே தவிர, விளையாடு என்று இன்னொன்றைக் கொடுப்பதில்லை.

விளையாட்டுச் செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சோனி இந்தியச் சந்தையைப் பிடிக்க முயன்ற காலத்தில் ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் கபடி, பட்டம்விடுதல் போன்ற ஊர் விளையாட்டுகளைச் சேர்த்து ‘தேசி அடா’ என்று ஒன்றைச் செய்தது. பிளேஸ்டேஷன் 2க்கும் பிஎஸ்பிக்கும் அது வந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் விளையாட வேண்டியவர்களின் கையில் அந்தக் கருவிகள் இல்லை. புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் குழு செய்த ‘ராஜி’ 2020 ஓகஸ்டில் முதன்முதலில் சுவிட்சில்தான் வெளியானது. தென்னாசியப் புராணச் சாயல் கொண்ட அந்த விளையாட்டை, சுவிட்ச் அதிகாரபூர்வமாக விற்கப்படாத நாட்டிலிருந்து செய்து, வெளிநாட்டாருக்கு விற்றார்கள். ஏற்றுமதிக்கு அது சரியான தெரிவு. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்காக விளையாட்டுச் செய்ய நினைக்கும் இளைஞர்கள் அந்த வழியில் போகக்கூடாது. குறைந்த நினைவகமுள்ள மலிவுப் போனில், டேட்டா இல்லாமலும் ஓடுகிற மாதிரிச் செய்யுங்கள். வாகரைப் பிள்ளையின் கையில் இருப்பது அதுதான்.

இறக்குமதியாளருக்குச் சொல்வதும் இதுதான்: கொழும்பின் சில ஆயிரம் பேருக்காக அளவோடு இறக்கினால் நட்டம் வராது, கிழக்கிலும் வடக்கிலும் கிளை திறந்து தவணைக்கு விற்கலாம் என்று கடனெடுக்க வேண்டாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கருவி வாங்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் கருவியை அனுப்பாதீர்கள். விளையாட்டு அட்டைகளையும் சேர்த்து அனுப்புங்கள். சுவிட்சின் அட்டைகளுக்கு, சீனாவுக்கென்று தனியாக விற்றவை நீங்கலாக, நாட்டுப் பூட்டுக் கிடையாது. கனடாவில் வாங்கியது வாகரையிலும் ஓடும். ஆனால் சுவிட்ச் 2க்கு வருகிற சில அட்டைகளுக்குள் விளையாட்டே இருப்பதில்லை. திறப்பு மட்டுந்தான் இருக்கும், மிச்சத்தை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். அப்படிப்பட்டவற்றின் உறையில் முன்பக்கத்தின் அடியில் அதை எழுதியிருப்பார்கள். காசு கொடுக்குமுன் அதைப் படித்துப் பாருங்கள்.